தண்ணீர்த் தொட்டியில் ஏறிய நாய்

எங்கள் ஊரில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடியவை இரண்டுதான். ஒன்று வதந்தி, இன்னொன்று வெண்கலத்தின் குரல். நெடுங்காலம் இவை இரண்டும் வேறு வேறாகத்தான் இருந்தன.

வெண்கலத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை வங்கிக்காரர்கள் மட்டும் பயன்படுத்துகிறார்கள். வெண்கலக் குரல், ஆகவே ஆளும் வெண்கலம். தொழில் அறிவிப்பு. ஒரு பழைய வேன், அதன் தலையில் நாலு பக்கமும் பார்த்த கூம்பு ஸ்பீக்கர்கள், உள்ளே ஒரு மைக். பிள்ளை காணாமல் போனாலும் கிழவர் இறந்துபோனாலும், மின்சாரம் நிற்கும் என்றாலும் தண்ணீர் வராது என்றாலும், தெருத்தெருவாகப் போய்ச் சொல்லுவான். ஒருமுறை சொல்லிவிட்டு, "மறுபடியும் சொல்கிறேன்" என்று நிறுத்தி, இரண்டாம் முறை மெதுவாகச் சொல்லுவான். அந்த இரண்டாம் முறைக்காகத்தான் ஊர் காத்திருக்கும்.

அந்தக் குரல் எங்கே வளர்ந்தது என்றால், ஒரு தையல் மிஷினுக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தது அக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத்தான் வளர்த்தாள். அவளுக்குப் பத்திரிகை படிக்க ஆசை. ஆனால் இரண்டு கையும் துணியில். எனவே தம்பி பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். மிஷினோ கடகடவென்று ஓடும். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் தொண்டை என்ன செய்யும்? வளர்ந்தது. முக்கியமான செய்தி வந்தால் அக்கா மிஷினை நிறுத்திவிடுவாள். "அதை மறுபடியும் படி" என்பாள். அவன் மெதுவாக மறுபடியும் படிப்பான்.

அவன் வேன் வாங்கிய பிறகும் அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவள் வீட்டுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. வெண்கலத்தின் வேன் தெருமுனையில் திரும்பினால் போதும், எதிர்வீட்டு மிஷின் சட்டென்று நிற்கும். வேன் தெருவைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஓடும். பல வருஷம் இதைக் கேட்டவன் நான். அவனுக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான். அவனும் எங்கள் தெருவுக்கு வந்தால் வேனின் வேகத்தைக் குறைத்து, மிஷின் நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் ஆரம்பிப்பான்.

அக்கா மட்டுமல்ல, ஊரே அவனை நம்பியது. ஒரு மழைக்காலத்தில் கால்வாய்ப் பாலத்தில் விரிசல் விட்டது. நகரசபை சிவப்பு எழுத்தில் பலகை வைத்தது. ஜனங்கள் அந்தப் பலகையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாலத்தைக் கடந்தார்கள். வெண்கலம் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து குடிகாரன்கூட சுற்றுவழியாகப் போனான்.

இப்படிச் சேர்த்து வைத்த சொத்தை ஒரே தேர்தலில் எப்படித் தொலைப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எங்கள் ஊருக்கு வரலாம்.

நகரசபைத் தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர். ஏற்கெனவே தலைவராக இருந்த மருந்துக்கடைக்காரர். அவரை எதிர்த்து நின்ற செங்கல்சூளைக்காரர். இரண்டு பேருமே முதலில் சாலை, சாக்கடை என்றுதான் பேசினார்கள். கேட்க ஆள் வரவில்லை. சாக்கடையைப் பற்றி யார் நின்று கேட்பார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உடனே இரு தரப்பிலும் அறிவாளிகள் கூடி யோசித்து, தாங்கள் என்ன செய்வோம் என்று சொல்வதைவிட அடுத்தவன் என்ன செய்தான் என்று சொல்வது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். செய்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதையும் கூடவே கண்டுபிடித்தார்கள்.

இரு தரப்பும் வெண்கலத்திடம்தான் வந்தன. ஊரில் வேறு குரல் ஏது? அவன் வீட்டுப் பின்னறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு பதிவு செய்வான். காலையில் மருந்துக்கடைக்காரருக்கு, மாலையில் செங்கல்காரருக்கு. நியாயஸ்தன் அல்லவா, இரண்டு பேருக்கும் ஒரே குரலைக் கொடுக்கக் கூடாது என்று, மாலையில் மட்டும் ஒரு மூக்குத் துவாரத்தில் பஞ்சை அடைத்துக்கொள்வான். அதனால் செங்கல்காரரின் கொள்கைகள் எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒலித்தன.

"காலாவதியான மாத்திரையை விற்றவரிடமா உங்கள் காலத்தைக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மாலையில் கேட்பான். "வேகாத செங்கல்லை விற்றவரிடமா உங்கள் வீட்டைக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று காலையில் கேட்டிருப்பான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏம்பா, மாத்திரை காலாவதியானதை நீ பார்த்தியா?"

"நான் ஏன் பாக்கணும், ஜெராக்ஸ்? உன்கிட்ட ஒரு காகிதம் குடுத்தா அதுல இருக்கிறது உண்மையான்னு பாத்துட்டா நகல் எடுக்கிற?"

"என் நகலை யாரும் நம்ப மாட்டாங்க. ஒரிஜினல் எங்கேன்னுதான் கேப்பாங்க. உன்னை நம்புறாங்களே."

"எழுதினது அவங்க. வாசிக்கிறது நான். எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?" என்றான். பழமொழிகளை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, தப்புச் செய்கிறவனுக்கு வசதியாக ஒன்றை எப்போதும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தேர்தல் நெருங்கியபோது நாய் வந்தது.

ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒரு நாய் செத்து மிதக்கிறது, மருந்துக்கடைக்காரர் அதைப் பல மாதமாக மூடி மறைக்கிறார் என்று ஒரு மாலை மூக்கடைத்த குரல் அறிவித்தது. மறுநாள் காலையில் தெளிந்த குரல் பதில் சொன்னது: அந்த நாயைத் தூக்கிப் போட்டதே செங்கல்சூளைக்காரரின் ஆட்கள்தான். கவனியுங்கள், நாய் இல்லை என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. நாய் இருப்பதில் இரு கட்சிகளுக்கும் முழு உடன்பாடு. அந்தத் தேர்தலில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பனைமர உயரத் தொட்டியில், ஆள் ஏறவே கை நடுங்கும் இரும்பு ஏணியில், நாய் எப்படி ஏறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் அந்த அறிவிப்பு எங்கள் தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டு மிஷின் நின்றது. அக்கா வாசலுக்கு வந்து முழுவதையும் கேட்டாள். பிறகு வீட்டிலிருந்த குடத்துத் தண்ணீரையெல்லாம் சாக்கடையில் ஊற்றினாள். அவளுக்கு மூட்டுவலி. அந்த மூட்டோடு ஊர்க்கோடிப் பழைய கிணற்றுக்கு நடந்து, இறைத்து, பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து, நாலு இடத்தில் இறக்கி வைத்து வைத்து வந்தாள். நான் உதவிக்குப் போனேன். "தம்பி பொய் சொல்லமாட்டான்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஒரு வாரம் கழித்துக் குடிநீர் அலுவலக இன்ஜினியர் பொறுக்கமாட்டாமல் தொட்டியைத் திறந்து, நாலு பேரை மேலே ஏற்றிக் காட்டினார். தண்ணீர் இருந்தது. நாய் இல்லை. இறங்கி வந்த நாலு பேரில் இரண்டு பேர், நாயை முந்தின ராத்திரியே எடுத்திருப்பார்கள் என்று சொன்னது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் வெண்கலம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கடையைப் பூட்டிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டாள். தட்டு வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அந்த நாய் நிஜமாடா?"

"அதெல்லாம் தேர்தல் பேச்சு, அக்கா."

"நான் தண்ணி தூக்கினேனே."

அவன் தட்டைப் பார்த்தான். "உன்னை யாரு தூக்கச் சொன்னா? எழுதினது அவங்க. எய்தவன் இருக்க..."

"சாப்பிடு" என்றாள் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மறுநாள் அவன் வேன் எங்கள் தெருவில் திரும்பியது. எதிர்வீட்டு மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். அது நிற்கவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. அவனுக்கு எப்படி இருந்ததோ, ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டுப் போனான்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்றும் அவனுக்குக் கிடைத்தது. பதிவான குரலைப் போட்டுக்கொண்டு சுற்ற இரு கட்சிகளுக்கும் தனித்தனி வேன்கள் இருந்தன. அவற்றின் ஓட்டுநர்கள் இரண்டு பேரும் சகலைகள், அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மேடையில் தலைவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருக்க, இவர்கள் மத்தியானம் மாமியார் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஒரே பாயில் தூங்குவார்கள். ஒருநாள் எழுந்த அவசரத்தில், அலமாரியில் வைத்த பென் டிரைவை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் முழுக்க, மருந்துக்கடைக்காரரின் சிரித்த முகத்தை நாலு பக்கமும் ஒட்டிய வேன், காலாவதி மாத்திரை விற்ற கயவனை விரட்டுங்கள் என்று ஊரைச் சுற்றியது. பின்னால் நடந்த அவருடைய தொண்டர்கள், குரல் நிற்கும் இடத்திலெல்லாம் "வாழ்க" என்றார்கள். செங்கல்காரரின் வேனும் அப்படியே வேகாத செங்கல்லைத் திட்டிக்கொண்டு போனது. தெருவில் நின்றவர்கள் வழக்கம்போல் நோட்டீஸை வாங்கிக் கையைத் துடைத்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

வெண்கலம் என் கடைக்கு வந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொன்னேன்.

"நீ சொல்றத இப்ப யாரும் காதுலயே வாங்கறதில்லைன்னு தெரியுதா?"

"தேர்தல் விஷயத்த எவன் கேப்பான்? மத்த விஷயம்னா கேப்பாங்க" என்றான்.

காதில் தேர்தலுக்கு ஒரு துவாரம், மற்றதற்கு ஒரு துவாரம் என்று தனித்தனியாக இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

செங்கல்சூளைக்காரர் ஜெயித்தார். பாதிப் பேர் ஓட்டுப் போடவே போகவில்லை. இரண்டு திருடர்களில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க வரிசையில் வேறு நிற்க வேண்டுமா என்பது அவர்கள் வாதம். தேர்தல் முடிந்த வாரமே தலைவர்கள் இரண்டு பேரும் ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து முந்திரி எடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

புதுத் தலைவர் சாலையைத் தோண்டினார். செய்வேன் என்று சொன்னதைச் செய்த முதல் காரியம் அது. தோண்டிய இயந்திரம் சாக்கடைக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரே கடியில் உடைத்தது. அன்று காலை இன்ஜினியர் வெண்கலத்தின் வீட்டுக்கு ஓடி வந்தார். பதிவு செய்ய நேரமில்லை. அவனே வேனில் ஏறி மைக்கைப் பிடித்தான்.

"குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சாக்கடை கலந்திருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்."

பஞ்சும் இல்லை, வார்த்தை ஜாலமும் இல்லை. நிஜமாகவே அந்தப் பழைய குரல்.

முதல் தெருவிலேயே குழாயடியில் நின்ற ஒரு அம்மா கேட்டாள். "என்னப்பா, அடுத்த தேர்தல் வந்துருச்சா?"

"இல்லம்மா, இது நிஜம்மா."

"அப்ப அது?"

அவன் வேனைக் கிளப்பினான். அடுத்த தெருவில், "அந்த நாய் இன்னும் அங்கேயேதான் இருக்கா, குட்டி போட்டுருச்சா?" என்று சிரித்தார்கள். அதற்கடுத்த தெருவில் அறிவாளிகள் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, ஆராய்ந்தார்கள். கேன் தண்ணீர் விற்கிறவன் காசு கொடுத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான் என்றார் ஒருவர். இல்லை, தோற்றுப்போன மருந்துக்கடைக்காரர் வயிற்றுப்போக்கு மாத்திரை விற்கப் பார்க்கிறார் என்றார் இன்னொருவர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எல்லாக் காரணமும் சொன்னார்கள், குழாய் உடைந்திருக்கலாம் என்ற ஒன்றைத் தவிர.

எங்கள் தெருவுக்கு வந்தபோது அவன் தொண்டை கம்மியிருந்தது. வேனை அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். மூன்று தரம் சொன்னான். மிஷின் கடகடவென்று ஓடியது. இறங்கி உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னும் பாதி ஊர் பாக்கி, பின்னாலேயே ஜீப்பில் வந்த இன்ஜினியர் ஹாரன் அடித்தார். போய்விட்டான். நானாவது போய்ச் சொன்னேனா? நானும்தான் நம்பவில்லை. காப்பி குடிக்கிறவன் என்பதால், கொதிக்க வைத்த புண்ணியத்தில் தப்பினேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. நடைபாதையில் பாய் விரித்தார்கள். புதுத் தலைவரும் பழைய தலைவரும் தனித்தனியாகப் புகைப்படக்காரரோடு வந்து, சாக்கடையைக் கலந்தது மற்றவர்தான் என்று நோயாளிகளிடம் விளக்கினார்கள். வாந்தி எடுக்கிறவனிடம் ஓட்டுக் கேட்பது எங்கள் ஊரில்தான் நடக்கும். மாத்திரை கொண்டுவந்த நர்ஸிடம் ஒரு பெரியவர், "இது காலாவதி மாத்திரைதானே, எனக்குத் தெரியும்" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். "தெரிஞ்சா எழுந்து வீட்டுக்குப் போங்க" என்றாள் நர்ஸ். பாவம், அவளுக்கு அது ஐம்பதாவது தகராறாக இருக்கும்.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் பாதியாகியிருந்தாள். அன்று எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது, பரிதாபமெல்லாம் பிறகு. அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உன் வாசல்லயே நின்னு கத்தினேனே. கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"நீ சொன்னதாலதான் குடிச்சேன். வேற யாராவது சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எய்தவன், அம்பு என்று அவன் ஏதாவது ஆரம்பிப்பான் என்று பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலில் சாய்ந்து, வாய்விட்டு அழுதான். அழுகையும் வெண்கலம்தான், சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பிழைத்து வீடு வந்தாள். குழாயை மாற்றினார்கள், தொட்டியைக் கழுவினார்கள், தண்ணீரை மூன்று இடத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். சுத்தம் என்று வந்தது. இப்போது ஊர் அதையும் நம்பவில்லை. கெட்ட தண்ணீரை நல்லது என்று குடித்தவர்கள், நல்ல தண்ணீரைக் கெட்டது என்று சாக்கடையில் திறந்துவிட்டார்கள். தொட்டி காலியாகிக்கொண்டே இருந்தது. இன்ஜினியர் மறுபடியும் வெண்கலத்திடம் வந்தார். வேறு யாரிடம் போவார்?

"தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. தாராளமாகக் குடிக்கலாம். மறுபடியும்..."

"மறுபடியும் வேண்டாம், முதல்ல நீ குடி" என்றது ஒரு குரல்.

அவன் வேனை நிறுத்தினான். இறங்கிக் குழாயைத் திறந்து, கையில் பிடித்து, எல்லாரும் பார்க்கக் குடித்தான். பிறகு அடுத்த தெரு. அங்கேயும் அதே கேள்வி, அங்கேயும் குடித்தான். பாதி ஊர் போனதும் மைக்கை அணைத்துவிட்டான். அதற்கு இனிமேல் வேலை இல்லை என்று தெரிந்துபோயிற்று. சும்மா வேனை ஓட்டிவந்து, ஒவ்வொரு குழாயடியிலும் இறங்கிக் குடித்தான். வாய் தொலைத்ததை வயிறு சம்பாதிக்கட்டும் என்று கிளம்பிவிட்டான். சில தெருக்களில் குழந்தைகள் சுற்றி நின்று, இப்போது விழுவானா, அப்போது விழுவானா என்று பார்த்தன.

எங்கள் தெருவுக்குக் கடைசியாக வந்தான். வயிறு தொட்டி மாதிரி உப்பியிருந்தது. அக்கா வீட்டு வாசல் குழாயில் நின்று கூப்பிட்டான். மைக் இல்லாமல்.

"அக்கா."

மிஷின் நின்றது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு அவனுக்காக அது நின்றது அன்றுதான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு டம்ளர். அவன் அதை வாங்கி, குழாயில் நிரப்பி, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தான். பிறகு டம்ளரை மறுபடி நிரப்பி அவளிடம் நீட்டினான்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் வாயோரத்து ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்படித் துடைத்திருப்பாளோ அப்படித்தான் துடைத்தாள்.

"நாளைக்குக் காலைல வா" என்றாள். "நீ நல்லா இருந்தா குடிக்கிறேன்."

டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்து, மேலே ஒரு தட்டை மூடிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓட ஆரம்பித்தது.